திறந்தபடி

மூன்றாம் தரமும் அதே இடம்.
இடது தாடைக்குக் கீழே, ஒரு கடலை அளவு.
நேற்று இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
நேற்று நான் தடவிப் பார்க்கவில்லை.

முயல் சொல்லாது.
நாய் என்றால் முனகும், பூனை என்றால் கடிக்கும்.
இது மூலையில் குந்தியிருந்து
வல்லாரையில் இலையைத் தின்று தண்டை விட்டிருந்தது.
நாடி நனைந்திருந்தது.
அவ்வளவுதான் அதன் முறைப்பாடு.

வெள்ளவத்தையிலிருந்து பாலம் தாண்டித் தெகிவளைக்கு,
ஓட்டோவில், மடியில் பெட்டி.
சாரதி கண்ணாடியில் பார்த்தார்.
"கோழியா?"
"முயல்."
"கறிக்கா?"
நான் மீற்றரைப் பார்த்தேன்.

டொக்டர் நிபுனி படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
பால் வெள்ளையில் எலும்பு,
வேரடியில் கறுப்பாய் ஒரு சின்னக் குகை.
அரைபடாத பல் மேலே வளரும், கீழேயும் போகுமாம்,
எலும்பைத் துளைத்துக்கொண்டு.
"சின்னதில் என்ன சாப்பாடு கொடுத்தீங்க?"

அதன் பெயர் றஸ்க்.
தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டியவள் நான்.

இருபத்திரண்டு வருசம் இந்த நகரத்தில்.
வாடகை, வரி, பொலிஸ் பதிவு,
மீன்காரனோடு சண்டை,
எல்லாம் சிங்களத்தில் முடித்திருக்கிறேன்.
சீழுக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று
இந்த வருசம்தான் தெரிந்தது.
சரவ.
கேட்க ஒரு பெண்பிள்ளையின் பெயர் மாதிரி.

எங்கள் சீழ் ஓடும். முயலின் சீழ் ஓடாது.
பற்பசை போல இறுகி, தனக்கொரு உறை செய்து
அதற்குள் குடியிருக்கும்.
முதல் தரம் வெட்டி, வழித்து, தைத்தார்.
ஆறு கிழமை.
அடுத்த தரம் பல்லையும் பிடுங்கித் தைத்தார்.
தைப்பொங்கல் வரை தாங்கியது.

"வேறு வழியும் இருக்கு," என்றார்,
கையுறையைக் கழற்றியபடி, மெதுவாக.
ஆரபி பெட்டியின் கம்பிக்குள் விரலை விட்டிருந்தாள்.
அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக விளங்கும்.
"வேண்டாம்," என்றாள், நான் வாய் திறக்க முன்.

இந்த முறை தைக்கவில்லை.
உறையை எடுத்து, ஓரத்தைத் தோலோடு கோத்து,
காயத்தை வாய் திறந்தபடி விட்டார்.
"மூடினால் உள்ளே திரும்பக் கட்டும்.
அடியிலிருந்து ஆறட்டும்.
அதுவரைக்கும் மேலே மூடவிடாதீங்க."

காலையும் மாலையும் உப்புத்தண்ணீர்.
பிறகு தேன், ஒரு தீக்குச்சித் தலை அளவு.
ஒருநாள் விட்டு ஒருநாள் பென்சிலின்,
பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி.
அதையே வாயால் கொடுத்தால் குடல் செத்துவிடுமாம்.
போத்தலில் சிவப்பு மையால் எழுதி ஒட்டினேன்:
வாயால் அல்ல.
கந்தோரில் அதைச் சொன்னபோது
சிரித்தவர்கள் இருக்கிறார்கள்.
விலையைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

புல்லுக்குத்தான் அலைச்சல்.
பாமன்கடை மைதான ஓரம், கத்தரிக்கோலோடு நான்.
காவலாளி வந்து நின்றார்.
மாடு எங்கே என்று கேட்டார்.
"நாலாம் மாடியில்," என்றேன்.
அவர் முகம் மாறியது.
"அந்த நாலாம் மாடி இல்லை ஐயா. ஃப்ளாட்."
இருவரும் சிரித்தோம், கொஞ்சம் பிந்தி.

இரவில் ஊட்டல். ஊசியில்லாத ஊசிக்குழாய்,
பச்சைக் கூழ், ஒரு தடவைக்கு ஒரு மில்லி.
விழுங்கும்வரை காத்திருக்கவேண்டும்.
கடற்பக்கம் ரயில் போகிறது;
ஜன்னல் அதிர, அதன் காது மட்டும் திரும்புகிறது.

ஐந்தாம் நாள் விடிய டோர்ச் அடித்தேன்.
பதினொரு புழுக்கை.
சின்னது, கோணல், ஆனாலும் புழுக்கை.
எண்ணி, படமெடுத்து, டொக்டருக்கு அனுப்பினேன்.
நாலு ஐம்பதுக்கு ஒரு பெருவிரல் வந்தது.

தாடையைத் திருப்பினேன்.
காயத்தின் ஓரத்தில் மெல்லியதாய் ஏடு கட்டியிருந்தது,
அழகாக, மூடுவதற்கு.
பஞ்சை நனைத்தேன்.
அது பல்லை நறநறத்தது.
"பிடி," என்றேன் ஆரபியிடம்.
கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாள்.